பதின்மூன்றாம் புத்தகத்தைத் திறப்பதா, வேண்டாமா?

பன்னிரண்டு புத்தகங்களைப் படித்து முடித்துவிட்டு, பதின்மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிற சிலர் அண்மையில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அமெரிக்க எழுத்தாளர் சார்லேன் ஹாரிஸ் எழுதிய, ரத்தக்காட்டேரிகள் உலவும் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் நாவல் வரிசையின் கடைசி நூலான 'டெட் எவர் ஆஃப்டர்' படிக்கத் தகுந்ததா, அதைத் தொடாமல் விட்டால் முந்தைய நூல்கள் தந்த மகிழ்ச்சியாவது மிஞ்சுமா என்பதே அந்தக் கேள்வி. 2013 மே மாதம் அந்நூல் வெளிவந்தபோது எழுந்த கூச்சல் இன்னும் அடங்கவில்லை. நூல் கடைக்கு வருவதற்கு முன்பே முடிவு கசிந்து, இணையப் புத்தகக் கடைகளில் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் குவிந்தன. எழுத்தாளருக்கு வசவுகளும் மிரட்டல்களும் வந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. இன்று புதிதாக இந்த வரிசைக்குள் நுழைபவரும் அந்தக் கோபத்தை எங்காவது எதிர்கொள்ளாமல் கடைசி நூலை அடைய முடிவதில்லை.

முடிவைச் சொல்லாமல் இதை எடைபோட முடியாது. ஆகவே, தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த தலைப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், எதற்காக இந்த வரிசையைப் படித்தோம் என்பது. 2001இல் 'டெட் அன்டில் டார்க்' வெளிவந்தபோது அது துப்பறியும் கதையாகவே பார்க்கப்பட்டது. துப்பறியும் புனைவுக்கான ஆந்தனி விருதும் அதற்குக் கிடைத்தது. ஹாரிஸும் 1981 முதல் கொலை மர்மக் கதைகளை எழுதிவந்தவர்தான். ஆனால் நூல்கள் பெருகப் பெருக, 2008இல் 'ட்ரூ பிளட்' என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்த பிறகு, 'சூக்கி யாரைக் கைப்பிடிப்பாள்' என்ற கேள்வி மற்றெல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கொலையாளி யார் என்று அறியப் படித்தவரும் காதலுக்காகப் படித்தவரும் ஒரே புத்தகத்தை வாங்கியிருந்தாலும், அவர்கள் எதிர்பார்த்த பண்டம் வேறு வேறு. காதல் கதை வாசகரின் எதிர்பார்ப்பில் இணை சேர்வது ஏறக்குறைய விதி. மர்மக் கதையில் அப்படியொரு விதி கிடையாது.

இரண்டாவது, முடிவுக்கான விதை முன்பே ஊன்றப்பட்டிருக்கிறதா என்பது. மூன்றாவது, அந்த விதையிலிருந்து முடிவு வரை கதை நம் கண்முன்னே வளர்ந்து வருகிறதா, அல்லது கடைசியில் திடீரென்று தூக்கி வைக்கப்படுகிறதா என்பது. இவை இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். நான்காவது, கடைசி நூலைப் படித்த பிறகு முதல் நூல்களுக்குத் திரும்பிச் செல்ல மனம் வருமா என்பது. மறுவாசிப்புப் பழக்கம் இல்லாதவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பழக்கம் உள்ளவருக்கோ இதுவே பெரிய மறைமுகச் செலவு.

வாசகர்கள் பிரிந்த இடம்

லூசியானா மாநிலத்தில் பான் டாம்ப்ஸ் என்ற கற்பனைச் சிற்றூர். அங்கே மெர்லாட்ஸ் என்னும் மதுக்கடையில் உணவு பரிமாறுகிறவள் சூக்கி. பிறர் மனத்தில் ஓடுவதெல்லாம் அவள் காதில் விழும். அதனால் பள்ளியில் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. ஆண்களோடு பழகவும் முடியவில்லை. ரத்தக்காட்டேரிகளின் மனம் மட்டும் அவளுக்கு முழு மௌனம். முதல் நூலில் பில் காம்ப்டன் கடைக்குள் வந்து உட்காரும்போது அவளை ஈர்ப்பது அவன் அழகைவிட அந்த அமைதிதான். பின்னர் எரிக் நார்த்மன் வருகிறான். வைக்கிங் காலத்து ரத்தக்காட்டேரி, தந்திரக்காரன், வாசகர்களில் பெரும்பகுதியினரின் செல்லம். இவர்களுக்கு நடுவே முதல் பக்கங்களிலிருந்து இருந்துவருகிறவன் கடை முதலாளி சாம் மெர்லாட். அவன் உருமாறி. விலங்குகளாக மாறக்கூடியவன்.

கடைசி நூலில் எரிக், தன்னை ரத்தக்காட்டேரியாக்கியவன் செய்துவைத்த ஒப்பந்தத்தின்படி ஓக்லஹோமாவின் ரத்தக்காட்டேரி ராணியான ஃப்ரேடாவிடம் போய்விடுகிறான். சூக்கி சாமுடன் சேர்கிறாள். பிரச்சினை இதுதான்.

எதிர்ப்பவர்களின் வாதங்களில் எடை குறைந்தது 'எரிக்தான் கிடைத்திருக்க வேண்டும்' என்பது. எடை கூடியது வேறொன்று. நான்காம் நூலிலிருந்து கட்டியெழுப்பப்பட்ட உறவு, ஒப்பந்தம், சட்டம், அரசியல் என்று ஒரு அலுவலகக் கோப்பு மூடப்படுவது போல மூடப்படுகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆதரிப்பவர்களோ, எரிக் சூக்கியிடம் எப்படி நடந்துகொண்டான் என்பதைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒன்பதாம் நூலில் ஒரு சடங்குக் கத்தியை, அது என்னவென்று சொல்லாமலேயே, சூக்கியின் கையால் தன்னிடம் கொடுக்கச் செய்கிறான். அது ரத்தக்காட்டேரி முறைப்படி திருமணம் என்பது அவளுக்குப் பிறகே தெரிகிறது. இந்தக் காட்சியைக் காதலின் உச்சம் என்று நினைவில் வைத்திருப்பவர்களும் உண்டு, ஏமாற்று என்று வைத்திருப்பவர்களும் உண்டு. கடைசி நூல் பிடிக்குமா பிடிக்காதா என்பதை இந்த ஒரு காட்சியை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வழி ஒன்று: கடைசி நூலையும் படித்து முடிப்பது

முதலில் நூலின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். முன்னாள் தோழி ஆர்லீன் கொலை செய்யப்பட்டு மெர்லாட்ஸின் பின்புறம் கிடக்கிறாள். சூக்கியின் கழுத்துத் துணியால் நெரிக்கப்பட்டிருப்பதால் சூக்கி கைது செய்யப்படுகிறாள். நல்ல தொடக்கம்தான். ஆனால் பன்னிரண்டு நூல்களாக சூக்கியின் குரலிலேயே கேட்டுவந்த கதை, இங்கே இடையிடையே படர்க்கையில் வில்லன்களின் சதியாலோசனைக்குத் தாவுகிறது. சாத்தானிடம் ஆன்மாவை விற்ற தொழிலதிபர் வருகிறார். இரண்டாம் நூலின் மதவெறிப் போதகர் ஸ்டீவ் நியூலின் வருகிறார். பழைய நண்பர்களும் பழைய காதலர்களும் கல்யாண வீட்டுக்கு வருவது போல ஒருவர் பின் ஒருவராக வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். யார் குற்றவாளி என்ற மர்மத்தின் இழுவை இதனால் தளர்ந்துவிடுகிறது. மர்மத்துக்காகப் படிப்பவருக்கு இது வரிசையின் பலவீனமான நூல்களில் ஒன்று.

இனி விதையைப் பார்ப்போம். முதல் நூலில் தனியாக இருக்க அஞ்சும் சூக்கி, எங்கிருந்தோ வந்த ஒரு கோலி நாயைப் படுக்கையறையில் உறங்க விடுகிறாள். காலையில் கண் விழித்தால் நாய் இருந்த இடத்தில் சாம் இருக்கிறான். அப்போது அதை நகைச்சுவையாகக் கடந்துவிடுகிறோம். சூக்கிக்குப் பிடித்த பொழுதுபோக்கு முற்றத்தில் சாய்வு நாற்காலி போட்டு வெயில் காய்வது என்பதும் நூலுக்கு நூல் வருகிறது. அதை வெறும் குணச்சித்திரம் என்று நினைத்துவிடுகிறோம். பகலில் வெளியே வர முடியாத இருவரை அவள் மாறி மாறிக் காதலிக்கும் கதையில், இந்த வெயில் தற்செயலாக இருக்க முடியாது. உருமாறிகளின் மனம் அவளுக்கு மங்கலாகத்தான் கேட்கும். மனிதர்களின் இரைச்சலுக்கும் ரத்தக்காட்டேரிகளின் மௌனத்துக்கும் இடைப்பட்ட நிலை அது. யாருடன் முடியும் என்பது தமக்குத் தொடக்க நூல்களிலேயே தெரியும் என்று ஹாரிஸ் சொன்னதை, இவற்றைப் படிக்கும்போது நம்பத் தோன்றுகிறது.

வளர்ச்சி என்னும் மூன்றாம் அளவுகோலில்தான் நூல் சறுக்குகிறது. கதையின் பெரும்பகுதியில் சாம் ஒதுங்கி, பேச்சுக் குறைத்து, முகம் கொடுக்காமல் இருக்கிறான். காரணம் பின்னால் சொல்லப்படுகிறது என்றாலும், இருவரும் நெருங்குவதை நாம் பார்க்க வேண்டிய பக்கங்கள் அதில் கழிந்துவிடுகின்றன. ஆகவே இறுதியில் அவர்கள் சேரும்போது, மறுக்க முடியாத ஒரு கணக்கின் விடையைப் பார்ப்பது போல இருக்கிறதே தவிர, உடன் நடந்து வந்த உணர்வு வருவதில்லை. சரியான முடிவை அவசரமாக எழுதியிருக்கிறார் என்பதே என் தீர்ப்பு. 'தவறான முடிவு' என்று கத்தியவர்களும், 'முடிவு சரிதானே, பிறகென்ன குறை' என்று பதில் சொன்னவர்களும் இதில் ஆளுக்குப் பாதியைத்தான் பார்த்தார்கள்.

எரிக்கின் ஆதரவாளர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு நுணுக்கமும் உண்டு. போகும்போது அவன், தான் ரத்தக்காட்டேரியாக்கிய தன் 'மகளான' கேரினை ஓராண்டு காலம் இரவுதோறும் சூக்கியின் வீட்டைக் காவல் காக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறான். சொல்லில் காட்டாத அன்பை அவன் அங்கே காட்டிவிடுகிறான் என்று நான் வாசிக்கிறேன். இதே நூலில் எரிக்கின் வலக்கையான பாம் தன் தகுதிக்கேற்ற பதவியை அடைவதும், பில் அண்டை வீட்டுக்காரனாக நிலைத்துவிடுவதும் அளவோடு எழுதப்பட்டவை. கடைசிப் பக்கங்களில் கல்யாண மேளமும் இல்லை. சாமுடனான உறவு நிலைக்காமல் போனாலும் தன்னால் வாழ முடியும் என்ற நினைப்போடுதான் சூக்கி கதையை முடிக்கிறாள்.

சூக்கி என்கிற பெண்ணுக்காக, அவள் பாட்டி விட்டுச்சென்ற பழைய வீட்டுக்காக, கூரை ஒழுக்குக்கும் வரி கட்டவும் அவள் பணம் சேர்ப்பதற்காகப் படித்துவந்தவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

வழி இரண்டு: பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்வது

அதிகம் பரிந்துரைக்கப்படும் வழி இது. 'கடைசியைத் தொடாதீர்கள், பன்னிரண்டோடு நிறுத்தி, முடிவை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்' என்பார்கள். நான்கில் மிக மோசமான வழி இதுவென்றே நான் சொல்வேன்.

காரணம், இந்த வரிசையின் உண்மையான தேர்வு பன்னிரண்டாம் நூலான 'டெட்லாக்ட்'டின் இறுதியில் நடந்துவிடுகிறது. பாட்டியின் பழைய மேசையின் மறைவான அறையில் சூக்கிக்கு ஒரு பொருள் கிடைத்திருக்கிறது. முகப்பவுடர் டப்பா போல வட்டமாக, வெளிர்பச்சை நிறத்தில், கையில் எடுத்தாலே இதம் தரும் ஒன்று. ஃபேரி என்னும் மாயத் தேவதைக் குலத்தார் தம் அன்புக்குரியவருக்குத் தரும் அந்தப் பொருள், ஒரே ஒரு விருப்பத்தை ஒரே ஒரு முறை நிறைவேற்றும். அதைக் கொண்டு தன்னை அந்த ராணியிடமிருந்து விடுவிப்பாள் என்று எரிக் எதிர்பார்க்கிறான். சாம் கண்ணெதிரே செத்து விழும்போது, சூக்கி ஒரு நொடிகூட யோசிக்காமல் அதை அவன்மேல் செலவழித்துவிடுகிறாள். சாம் உயிர் பெறுகிறான். எரிக் பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஏறக்குறைய அங்கேயே நூல் முடிந்துவிடுகிறது.

இதற்குப் பிறகு எரிக்கோடு சேரும் ஒரு முடிவைக் கற்பனை செய்வது, ஆசிரியர் தெளிவாக எழுதியதை அழித்துவிட்டு எழுதுவதாகும். காதலுக்காகப் படித்தவர் இங்கே நிறுத்தினால் காயம்தான் மிஞ்சும், அதற்கான காரணம் கிடைக்காது. மர்மத்துக்காகப் படித்தவருக்கு வேண்டுமானால் இது பொருந்தும். அவருக்கு விட்டுப்போகும் பெரிய முடிச்சு எதுவும் இல்லை.

வழி மூன்று: முன்பே ஓரிடத்தில் இறங்கிவிடுவது

இன்னும் பாதி வழியில் இருப்பவர்களுக்கான வழி இது. பன்னிரண்டையும் முடித்தவருக்குக்கூட, 'என் மனத்தில் கதை இங்கேயே முடிந்தது' என்று ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ள உதவும்.

எரிக்குக்காகப் படிப்பவர் நான்காம் நூலான 'டெட் டு த வேர்ல்ட்'டில் இறங்கலாம். புத்தாண்டு இரவில் வேலை முடிந்து காரில் வீடு திரும்பும் சூக்கி, கடும் குளிரில் சட்டையும் செருப்பும் இன்றிச் சாலையோரம் ஓடிக்கொண்டிருக்கும் எரிக்கைப் பார்க்கிறாள். சூனியக்காரிகளின் சாபத்தால் அவனுக்குத் தான் யாரென்றே தெரியவில்லை. அவன் கால்களைக் கழுவிவிட்டு, வீட்டில் ஒளித்துவைத்து, அவனைக் காதலிக்கவும் செய்கிறாள். சாபம் நீங்கியதும் இடைப்பட்ட நாட்கள் அனைத்தும் அவனுக்கு மறந்துபோகின்றன. அவளும் சொல்வதில்லை. தனித்து நிற்கும் முழுமையான காதல் கதை அது. மறைமுகச் செலவு ஒன்று உண்டு: அந்த நூலின் இறுதியில் சூக்கி தற்காப்புக்காகச் செய்யும் ஒரு கொலையின் விளைவுகள் அடுத்த இரு நூல்களுக்கு நீள்கின்றன. அதை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்க வேண்டியிருக்கும்.

இருண்ட கதைக்காகப் படிப்பவர் ஒன்பதாவதான 'டெட் அண்ட் கான்' வரை போக வேண்டும். ஃபேரிகளின் உட்பகையில் சூக்கி கடத்தப்பட்டுச் சித்திரவதைக்குள்ளாகிறாள். அதுவரை ஓடிய விளையாட்டுத்தனம் அந்த அத்தியாயத்தோடு போய்விடுகிறது. போர் முடிகிறது, ஃபேரியான அவளுடைய கொள்ளுத்தாத்தா தம் உலகத்தின் கதவை அடைத்துக்கொண்டு விடைபெறுகிறார், உயிர்கள் போயிருக்கின்றன. வரிசையில் மிகக் கனமான நூல் இதுதான். பத்தாவதிலிருந்து கதை அந்தக் காயத்தை ஆற்றிக்கொண்டே ராஜ்ய அரசியலுக்குள் நுழைந்து, சற்றே தொய்ந்துவிடுகிறது.

எங்கே இறங்குவதானாலும், நாவல்களை மட்டும் படிப்பவருக்கு ஒரு பள்ளம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். சூக்கியின் ஒன்றுவிட்ட சகோதரி ஹாட்லியின் மரணச் செய்தி 'ஒன் வேர்ட் ஆன்சர்' என்ற சிறுகதையில்தான் சொல்லப்படுகிறது. ஐந்தாவதை முடித்து நேரே ஆறாவதைத் திறந்தவர்கள் நடுவில் ஒரு புத்தகத்தைத் தவறவிட்டோமோ என்று குழம்பியது இதனால்தான். 2009இல் வந்த 'எ டச் ஆஃப் டெட்' தொகுப்பில் அந்தக் கதை இருக்கிறது.

வழி நான்கு: தொலைக்காட்சித் தொடரின் முடிவை ஏற்றுக்கொள்வது

நூலின் முடிவு பிடிக்காதவர்களிடம் 'ட்ரூ பிளட்' பார்க்கச் சொல்வோர் உண்டு. ஏழு பருவங்கள், எண்பது பகுதிகள். இரண்டாம் நூலின் தொடக்கத்திலேயே இறந்துவிடும் மெர்லாட்ஸின் சமையல்காரன் லஃபயெட் அங்கே கடைசி வரை உயிரோடு இருக்கிறான், அதுவே பார்ப்பதற்குப் போதுமான காரணம். ஆனால் முடிவுக்காகப் பார்ப்பது வீண். 2014 ஆகஸ்டில் ஒளிபரப்பான கடைசிப் பகுதியில், நோயுற்ற பில் மருந்தை மறுத்து, சூக்கியின் கையாலேயே சாவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். பிறகு சில ஆண்டுகள் தாண்டி, நிறைமாத சூக்கி ஒரு கணவனோடு விருந்து மேசையில் அமர்ந்திருக்கிறாள். அந்தக் கணவனின் முகம் நமக்குக் காட்டப்படுவதே இல்லை. சாமைத் தேர்ந்ததற்காக நாவலைத் திட்டியவர்களுக்கு, யாரென்றே தெரியாத ஒருவர் கிடைத்தார். இரண்டையும் பார்த்த பிறகு நாவலின் முடிவின்மேல் எனக்கு மதிப்புக் கூடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

'ஆஃப்டர் டெட்' வாங்க வேண்டுமா

வேண்டாம். 2013 அக்டோபரில் வந்த இந்த மெல்லிய நூல், ஒவ்வொரு பாத்திரமும் பிறகு என்ன ஆனார் என்பதை அகரவரிசையில் அடுக்குகிறது. பலருக்கு ஓரிரு வரிகள்தான். சூக்கியும் சாமும் மணந்து குழந்தைகளைப் பெற்றார்கள் என்ற செய்தி இங்கேதான் உறுதியாகிறது. கடைசி நாவல் கவனமாகத் திறந்துவைத்த ஒரு கதவை இந்த நூல் அடைத்துவிடுகிறது. நாவலின் முடிவு பிடித்தவருக்கு இது தேவையில்லை, பிடிக்காதவருக்கு இது எரிச்சலைக் கூட்டும்.

ஒரு பேருந்துச் சீட்டு

பதின்மூன்றாம் நூலை நான் ஒரு தோழியிடம் இரவல் வாங்கித்தான் படித்தேன். சூக்கி கைதாகி, பிணையில் வெளிவரும் இடத்துக்கு அருகில் ஒரு பேருந்துச் சீட்டு அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது. அதற்குப் பின்னுள்ள தாள்கள் விரல் படாதவை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவள் எரிக்கின் பக்கம். நான்காம் நூலை மூன்று முறை படித்தவள். கத்திக் காட்சியைக் காதல் என்றே சொல்பவள். முடித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்து, கேரின் ஓராண்டு காவல் நிற்கும் பகுதியை மட்டுமாவது படித்துப் பார்க்கும்படி சொன்னேன். அது எந்தப் பக்கம் என்று கேட்டாள், சொன்னேன். குறித்துக்கொண்டதாகத் தோன்றவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துக் கொடுத்தேன்.